அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள்

ஒரு வாக்கியத்தோடு எனக்குச் சண்டை இருக்கிறது. "ஆப்பிரிக்க இசையை உலகத்துக்குக் கொண்டுபோனவர்" என்பது அது. நாற்பது வருஷமாக இந்தப் பட்டத்தை யாருக்காவது சூட்டிக்கொண்டே இருக்கிறார்கள். முன்பு கிறிஸ் பிளாக்வெல், பால் சைமன், பீட்டர் கேப்ரியல். இப்போது ஸ்மேட்.

ஸ்மேட் என்று அறியப்படும் அதேசெகுன் அதேயோசுன், நைஜீரிய வேர் கொண்ட லண்டன்காரர். ஆண்டுக்கணக்காக லண்டனில் மேற்கு ஆப்பிரிக்கப் பாடகர்களின் கச்சேரிகளை நடத்தியவர். ஓபி அசிகாவோடு சேர்ந்து அவர் தொடங்கிய 'ஆஃப்ரோ நேஷன்' விழா, 2019 ஆகஸ்டில் போர்ச்சுகலின் தென்கோடியில் உள்ள போர்த்திமாவ் கடற்கரையில் முதல்முறையாக நடந்தது. விஸ்கிட், டவிடோ, பர்னா பாய் எல்லோரும் ஒரே மணல்வெளி மேடையில். கிட்டத்தட்ட எல்லோருமே ஆப்பிரிக்க வம்சாவளியினராக இருக்கும் அவ்வளவு பெரிய கூட்டம் ஐரோப்பிய இசைவிழாக்களுக்குப் புதிது. பத்திரிகைகள் உடனே பழைய பட்டத்தைத் தூசி தட்டி எடுத்து அவர் தலையில் வைத்துவிட்டன.

கறுப்பர் ஒருவர் கைக்கே பட்டம் வந்துவிட்டதே, இனி என்னய்யா சண்டை என்று கேட்கலாம். பட்டமே தப்பு என்பதுதான் என் கட்சி. அவருடைய உண்மையான சாதனையை அது மறைக்கிறது. அவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வியையும் சேர்த்து மறைக்கிறது.

முதலில் அந்த 'உலகம்' யார் என்று பார்ப்போம். நைஜீரியாவில் மட்டும் 20 கோடிப் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். லாகோஸில் வெளியாகும் ஒரு பாட்டு அக்ரா, நைரோபி, கம்பாலா என்று கண்டம் முழுக்கக் கல்யாண வீடுகளிலும் வாடகை வண்டிகளிலும் ஒலிக்கிறது. இவ்வளவு நடந்தும் அந்தப் பாட்டு இன்னும் 'உலகத்தை' எட்டவில்லையாம். லண்டனில் ஐயாயிரம் பேர் ஓர் அரங்கில் கேட்டால் எட்டிவிட்டதாம். இது என்ன கணக்கு? சந்தையை உலகம் என்று சொல்லிப் பழகிவிட்டோம், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை நம்பி இறங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு கிங் சன்னி அடேயின் கதை போதும். 1981இல் பாப் மார்லி இறந்துபோனார். மார்லியை மேற்கின் ராக் ரசிகர்களிடம் கொண்டுசேர்த்தது ஜமைக்காவில் வளர்ந்த வெள்ளைக்காரரான பிளாக்வெல்லின் 'ஐலண்ட் ரெக்கார்ட்ஸ்'. காலியான இடத்தை நிரப்பக்கூடியவர்களில் ஒருவராக அந்தக் கம்பெனி கண்டெடுத்தது யொரூபா ஜூஜு இசையின் அரசரான சன்னி அடேயை. 'கண்டெடுத்தது' என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்த மனிதர் அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே நைஜீரியாவில் தன் பெயரிலேயே ரெக்கார்டு கம்பெனி வைத்திருந்தவர். அவர் பாடினால் விடிய விடிய ஆட்டம். விருந்தாளிகள் ஆடிக்கொண்டே வந்து பாடகர் நெற்றியில் நோட்டுகளை ஒட்டிவிட்டுப் போவார்கள். கரகாட்டத்தில் ரூபாய் நோட்டுக் குத்துவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

அவருடைய நைஜீரிய இசைத்தட்டுகளில் ஒரு பக்கம் முழுக்க ஒரே ஓட்டமாகப் பாட்டு போகும். லண்டன்காரர்களுக்காக 1982இல் வந்த 'ஜூஜு மியூசிக்' தட்டில் அது துண்டு துண்டாயிற்று. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 1983இல் 'சிங்க்ரோ சிஸ்டம்', 1984இல் ஸ்டீவி வொண்டரின் ஹார்மோனிகாவோடு 'ஔரா'. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. மூன்று தட்டுகளோடு கம்பெனி அவரைக் கைகழுவியது. சன்னி அடே ஊருக்குப் போய்த் தன் ஜனங்களுக்குப் பாடிக்கொண்டிருந்தார். அவருடைய ராஜ்யம் அங்கேயேதான் இருந்தது. தோற்றது அவர் இசையில்லை. யாருக்கு விற்கிறோம் என்பதை அறியாத வியாபாரம்தான் தோற்றது.

அதன் பிறகும் பாடம் படிக்கவில்லை. 1987 கோடையில் லண்டனின் 'எம்ப்ரஸ் ஆஃப் ரஷ்யா' என்ற மதுக்கடையின் மாடியில் சிறு ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் சிலர் கூடினார்கள். மாலி, பல்கேரியா, பாகிஸ்தான் என்று எங்கிருந்தோ வரும் தட்டுகளைக் கடைக்காரர் எந்த அலமாரியில் வைப்பது என்பது அவர்களுடைய பிரச்சினை. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு 'வேர்ல்டு மியூசிக்' என்ற அட்டையை அச்சடித்துக் கொடுப்பது என்று முடிவாயிற்று. கெட்ட எண்ணம் கொண்டவர்கள் இல்லை, இசையை நேசித்தவர்கள்தான். ஆனாலும் விளைவைப் பாருங்கள். ஆங்கிலத்தில் பாடினால் அது இசை. மிச்சமிருக்கும் மனிதகுலம் பாடுவதெல்லாம் ஓர் அலமாரி.

இதற்கெல்லாம் முன்பே பாரிஸில் வேறொரு ஆள் இருந்தார். மமடூ கோன்ட்டே. மாலியிலிருந்து 1960களில் பிரான்சுக்குக் கூலி வேலைக்கு வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. குடியேறித் தொழிலாளர்களை அடைத்து வைத்த விடுதிகளில் அப்போது பெரும் கொந்தளிப்பு. சொனாகோத்ரா விடுதிகளில் மட்டும் 1975 முதல் 1980 வரை வாடகை கொடா இயக்கம் நடந்தது. அந்தக் காலத்துத் தொழிலாளர் உரிமைப் போராட்டங்களில் நின்ற கோன்ட்டே, 1978இல் 'ஆஃப்ரிகா ஃபெத்' என்ற விழாவைத் தொடங்கினார். கூட்டம் போட்டுக் கோரிக்கை வாசிப்பதோடு கச்சேரியும் வைத்தால் ஜனம் வரும், வந்த ஜனம் தன் பலத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற அரசியல் கணக்கு அது.

தூரே குந்தா, சலிஃப் கெய்தா, யூசு என்துர் என்று பின்னாளில் மேற்கு கொண்டாடிய பெயர்கள் அந்த விழாவின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றன. 1990களில் விழா அமெரிக்காவுக்கும் போனது. அதே காலத்தில் கோன்ட்டே தன் மூட்டையைக் கட்டிக்கொண்டு செனகலின் டக்காருக்குப் போய்விட்டார். விழாவையும் அங்கே கொண்டுபோனார். 2007இல் அங்கேயேதான் இறந்தார். ஆப்பிரிக்க இசையின் 'உலகப் பயணம்' பற்றி எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? பிளாக்வெல்லைத் தெரியாதவர்கள் கிடையாது. 'யாரிடமிருந்து யாருக்கு' என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே தப்பாகக் கேட்டால் கோன்ட்டே மாதிரி ஆட்கள் கண்ணில் படவே மாட்டார்கள்.

இப்போது லண்டனுக்கு வருவோம். ஸ்மேட் போன்றவர்கள் தொழில் கற்ற லண்டனில், கறுப்பர்கள் கேட்கும் இசைக்குக் கச்சேரி வைப்பதே ஒரு சந்தேகக் கேஸ். 2005இல் அந்த நகரத்துப் போலீஸ் 'படிவம் 696' என்று ஒரு தாளை அறிமுகப்படுத்தியது. நிகழ்ச்சி நடத்துகிறவரும் பாடுகிறவர்களும் பெயர், முகவரி, தொலைபேசி எண் தர வேண்டும். என்ன வகை இசை என்று சொல்ல வேண்டும். தொடக்க காலப் படிவத்தில், வரப்போகும் கூட்டம் எந்த இனத்தைச் சேர்ந்தது என்ற கேள்வியே இருந்தது. எதிர்ப்பு வந்த பிறகு அந்தக் கேள்வியை எடுத்தார்கள், படிவத்தை விடவில்லை. 2017 நவம்பரில்தான் அதை ஒழித்தார்கள். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, போர்த்திமாவில் விழா. அதாவது, நேற்றுவரை போலீஸ் தாளில் 'ஆபத்து' என்று எழுதப்பட்ட கூட்டம் இன்று 'உலக ரசிகர்' ஆகிவிட்டது. மாறியது கூட்டம் இல்லை.

அந்தக் கூட்டம் யார்? ராத்திரி ஷிஃப்ட் முடித்து வரும் நர்ஸ். பெக்கமில் சலூன் வைத்திருப்பவர். அப்பா அம்மா யொரூபாவில் திட்டினால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் இரண்டாம் தலைமுறைப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் 'ஆப்பிரிக்கன்' என்று கேலி கேட்டு வளர்ந்தவர்கள், ஒரு கட்டத்தில் தாங்களே காசு போட்டு டிக்கெட் வாங்கி, கொடியைத் தோளில் சுற்றிக்கொண்டு அரங்குக்கு வந்தார்கள். 2011இல் கானா வம்சாவளி டிஜே அப்ரான்டி, லண்டன் வானொலியில் இந்தப் புது இசைக்கென்றே ஒரு நிகழ்ச்சி நடத்தி 'ஆஃப்ரோபீட்ஸ்' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார். அந்தப் பெயரை ஏற்காத பாடகர்கள் உண்டு. பர்னா பாய் தன் இசையை 'ஆஃப்ரோஃப்யூஷன்' என்றுதான் சொல்வார். இருக்கட்டும், அது அவர்களுக்குள் நடக்கும் வழக்கு. மதுக்கடை மாடியில் அலமாரிக்கு வைத்த பெயருக்கும், நடனமாடுகிறவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளும் பெயருக்கும் வித்தியாசம் இருக்கிறது.

2016இல் டிரேக்கோடு விஸ்கிட் சேர்ந்த 'ஒன் டான்ஸ்' பிரிட்டிஷ் பட்டியலில் 15 வாரம் முதலிடத்தில் நின்றது. 2018இல் விஸ்கிட், 2019 ஜனவரியில் டவிடோ என்று சுமார் 20,000 பேர் கொள்ளும் ஓ2 அரங்கை நிறைத்தார்கள். 2023இல் பர்னா பாய் லண்டன் ஸ்டேடியத்தில் பாடினார். இது எதுவும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. சின்ன மண்டபத்தில் தொடங்கி, தியேட்டருக்குப் போய், அரங்குக்குப் போன படிக்கட்டு இது. ஒவ்வொரு படியிலும் அதே ஜனத்தின் காசு.

ஸ்மேட்டின் நிஜமான பெருமை இங்கேதான் இருக்கிறது. கச்சேரி நடத்துவது சூதாட்டம். பாடகருக்கு முன்பணம், அரங்க வாடகை, காவலாளிகள், இன்ஷூரன்ஸ், விமானம், விசா எல்லாவற்றுக்கும் பணம் முதலில் போக வேண்டும். டிக்கெட் பணம் பிறகுதான் வரும். பாதி அரங்கு காலியாக இருந்தால் நடத்தியவர் தலையில் துண்டுதான். பெரிய கம்பெனிகள் 'இந்த ஜனம் டிக்கெட் வாங்காது, கடைசி நிமிஷத்தில் வாசலில் வந்து நிற்கும்' என்று ஒதுங்கி நின்ற இடத்தில், இவர்கள் வாங்குவார்கள் என்று நம்பிக் காசைப் போட்டவர்கள் இவரும் இவரைப் போன்றவர்களும். அவர்கள் இசையை எங்கும் கொண்டுபோகவில்லை. ஏற்கெனவே அங்கே இருந்தவர்களை எண்ணிப் பார்த்தார்கள். கணக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் யாரும் செய்யாத வேலை அது. 'உலகம்' பின்னால் வந்து வரிசையில் நின்றுகொண்டது.

சரி, இனி கேள்விக்கு வருவோம். போர்த்திமாவிலிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் இன்னொரு கடற்கரை ஊர் இருக்கிறது. அதன் பெயரும் லாகோஸ். 1444 ஆகஸ்டில், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த 235 பேரை அந்த ஊரில் இறக்கிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஐரோப்பாவின் அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தைப் பற்றிப் பேசும் எந்த வரலாற்றிலும் அந்த நாள் வரும். அதே கரையோரம், அதே ஆகஸ்ட் மாதம், ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஆடிப் பாடிக் கொண்டாடியது சின்ன விஷயம் இல்லை. நான் அதை மட்டம் தட்ட மாட்டேன்.

ஆனால் நைஜீரியாவின் லாகோஸில் இருக்கும் இருபது வயதுப் பையன் அந்தக் கடற்கரைக்கு வர ஷெங்கன் விசா வேண்டும். வங்கிக் கணக்கு காட்டு, வேலைச் சான்று காட்டு, திரும்பிப் போவாய் என்று நிரூபி. இந்தப் பாட்டு பிறந்ததே அவன் தெருவில். அவனுக்கு மட்டும் அனுமதி இல்லை. அதே 2019 டிசம்பரில் ஆஃப்ரோ நேஷன் கானாவின் அக்ராவில் நடந்தபோது அவனுக்கு விசாவே தேவைப்படவில்லை, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குள் அந்த ஏற்பாடு உண்டு. ஆக, முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. முடியும் என்று அவர்களே செய்து காட்டிவிட்டார்கள். பிறகும் விழாவின் நிலையான வீடு போர்ச்சுகல்தான். 2023இல் மயாமி, டெட்ராய்ட் என்று கிளை விட்டது.

டாலரிலும் யூரோவிலும் டிக்கெட் விற்கிற இடத்துக்குத்தான் வியாபாரி போவான், நைரா சரிந்துகொண்டிருக்கும்போது லாகோஸில் விழா வைத்து நஷ்டப்படச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அப்படியானால் வியாபாரி என்றே சொல்லுங்கள், அதில் இழிவு ஒன்றும் இல்லை. தூதர், தீர்க்கதரிசி, கொண்டுபோனவர் என்றெல்லாம் ஜோடிக்காதீர்கள். ஜோடிப்புக்கு விலை இருக்கிறது. 2022இல் பில்போர்டு, ஆஃப்ரோ நேஷனோடு சேர்ந்து அமெரிக்க ஆஃப்ரோபீட்ஸ் பட்டியலைத் தொடங்கியது. 2024இல் ஆப்பிரிக்க இசைக்கென்று தனி கிராமி வந்தது. அதே ஆண்டு, டான் ஜாஸி லாகோஸில் வளர்த்த மேவின் நிறுவனத்தில் பெரும்பங்கை வாங்குவதாக யுனிவர்சல் அறிவித்தது. ஒவ்வொன்றும் 'உலகம் அங்கீகரித்தது' என்ற மாலையோடுதான் செய்தியாயிற்று. அங்கீகாரம் என்ற சொல்லுக்குள் விற்பனைப் பத்திரம் மடித்து வைக்கப்பட்டிருப்பதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. சன்னி அடே காலத்தில் கம்பெனி பாடகரைக் கைவிட்டது. ஆனால் அவருடைய சந்தை அவரிடமே இருந்தது. நாளைக்கு இந்த மோகம் தணிந்து பெரிய கம்பெனிகள் நகர்ந்தால், அரங்கமும் டிக்கெட்டும் பாட்டின் உரிமையும் யார் கையில் இருக்கும்?

அதனால்தான் எனக்குக் கோன்ட்டே முக்கியம். பணத்தில் அவர் ஸ்மேட்டின் கால்தூசிக்கு வரமாட்டார். ஆனால் பாரிஸில் பெயர் எடுத்த பிறகு விழாவை டக்காருக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே ஒலிப்பெட்டி பிடிக்கிறவன், விளக்குப் போடுகிறவன், கணக்கு எழுதுகிறவன் எல்லோரும் அந்த ஊர்க்காரனாக இருந்து தொழில் கற்க வேண்டும் என்றால், விழா அந்த ஊரில் நடக்க வேண்டும். வேறு குறுக்குவழி கிடையாது. ஸ்மேட்டிடம் இன்று பணம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, பாடகர்களின் நம்பிக்கை இருக்கிறது. லாகோஸிலோ அக்ராவிலோ வருஷம் தவறாமல் நடக்கிற, உள்ளூர்க்காரன் வாங்கக்கூடிய விலையில் டிக்கெட் விற்கிற ஒரு மேடையை எழுப்ப அவரைப் போல் தகுதியானவர் வேறு யார்? பாராட்டுரை எழுதுகிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கேட்டால் பட்டம் ஒட்டாது என்பதால் கேட்பதில்லை.