எடைக்குப் போடாதீர்கள்

பெங்களூரில் எதைக் கேட்டாலும் பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது. கொத்தமல்லிக் கட்டு, தோசை மாவு, போன் சார்ஜர், ராத்திரி பதினொரு மணிக்கு ஐஸ்க்ரீம். எல்லாம் சரி, ஒன்பது பின் சீரியல் கேபிள் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஐ.டி. தலைநகரம் என்று பெயரெடுத்த ஊரில், ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கிடந்த அந்தச் சாதாரண வயருக்கு நாய்படாத பாடு பட வேண்டியிருக்கிறது.

எனக்குப் பழைய கம்ப்யூட்டர் பைத்தியம். பழசு என்றால் போன வருஷத்து லேப்டாப் இல்லை. 486 பெட்டி, டப்பா மானிட்டர், சட்டைப்பைக்குள் போகும் பாம் (Palm) கையடக்கக் கருவிகள், கண்ணாடிக்கூடு மாதிரி மடங்கும் சையான் குட்டிக் கம்ப்யூட்டர். இவற்றை வாங்கி, துடைத்து, ஈயம் வைத்து, மறுபடி உயிர் வரவைப்பதில் ஒரு சுகம். கேட்பவர்களுக்குத்தான் புரியமாட்டேன் என்கிறது. "இதை வச்சுக்கிட்டு என்ன சார் பண்ணுவீங்க?" என்கிறார்கள். தபால்தலை சேர்ப்பவரிடம் போய், அதை ஒட்டி யாருக்குக் கடிதம் போடப்போகிறீர்கள் என்று யாராவது கேட்கிறார்களா?

இதே ஊரில் எஸ்டி மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவருக்கு இருக்கும் மரியாதையைப் பாருங்கள். அதைச் செய்த மைசூரு ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-லேயே மூடியாகிவிட்டது. ஆனால் ஜே.சி. ரோடு பக்கம் போய் அந்த வண்டிக்கு ஏதாவது உருப்படி கேட்டால், கடைக்காரர் முகம் மலர்ந்து, உள்ளே போய்த் தேடி, கிடைக்காவிட்டால் கிடைக்கிற இடத்தையாவது சொல்லி அனுப்புவார். அங்கிருந்து நடந்துபோகிற தூரம்தான் எஸ்.பி. ரோடு. ஊரின் எலெக்ட்ரானிக்ஸ் முழுக்க அந்த ஒரு தெருவில்தான். அங்கே போய் 72 பின் ராம் இருக்கிறதா என்று கேட்டால், கவுன்ட்டரில் நிற்கும் பையன் செல்போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தமாட்டான். "சிகல்ல சார். ஹளேது பிடி, ஹொசது தகொள்ளி." கிடைக்காது, பழசை விடுங்கள், புதுசு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ராம் உச்சத்தில் இருந்தபோது அவன் பிறந்திருக்கவே மாட்டான். அவனைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

சரி, பழைய சாமானெல்லாம் எங்கேதான் போகிறது? ஒரு தலைமுறையே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிழைத்த ஊர் இது. ஆயிரக்கணக்கான பெட்டிகள் வந்திறங்கியிருக்கின்றன. அத்தனையும் ஆவியாகியா போகும்?

தங்கத்துக்காகப் போகிறது. குஜரிக்காரருக்கு, நம்மூர்க் காயலான் கடைக்காரரைத்தான் சொல்கிறேன், என்னைவிட நன்றாகத் தெரியும் எந்தச் சிப்பில் எவ்வளவு தேறும் என்று. பழைய செராமிக் ப்ராசஸர்களின் பின்களிலும் உள்ளேயும் தங்கப்பூச்சு தாராளமாக இருக்கும். பின்னால் வந்தவற்றில் கம்பெனிகள் சிக்கனம் பிடித்துக் குறைத்துக்கொண்டே போய்விட்டன. அதனால் எனக்கு எது அருமையோ அதுவே அவருக்கும் அருமை. 386, 486, பென்டியம் ப்ரோ எல்லாம் கிலோ கணக்கில் அமிலத்துக்குப் போகின்றன. நான் போய்ச் சேர்வதற்குள் மதர்போர்டிலிருந்து சிப்பைத் திருகி எடுத்துக் கோணிப்பையில் போட்டிருப்பார்கள். வெறும் போர்டு ஒரு மூலையில், கீபோர்டு இன்னொரு மூலையில். கேஸை நெளித்துத் தகரத்தோடு தகரமாகச் சேர்த்தாயிற்று. முழுசாக ஒரு மெஷின் வேண்டும் என்றால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

பெரிய கம்பெனிகளின் கதை வேறு மாதிரி. 1991-ல் சாஃப்ட்வேர் டெக்னாலஜி பார்க் திட்டம் வந்தபோது, ஏற்றுமதிக் கம்பெனிகள் வரியில்லாமல் கம்ப்யூட்டர் இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள். அதற்குப் பதிலாக அந்தச் சாமான் 'பாண்டு' கணக்கில் இருக்கும். வேலை முடிந்துவிட்டது என்று வெளியே விற்க முடியாது. தீர்வை கட்ட வேண்டும், இல்லையென்றால் பள்ளி கல்லூரிக்குத் தானம் தர வேண்டும், அதுவும் இல்லையென்றால் அதிகாரி முன்னிலையில் உடைக்க வேண்டும். எத்தனை அருமையான வொர்க் ஸ்டேஷன்கள் இப்படிச் சுத்தியலுக்குப் போயிருக்கும் என்று யோசித்தாலே வயிறு எரிகிறது. இப்போது அந்தச் சுத்தியலுக்கும் ரசீது உண்டு. மின்கழிவு விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுத்து, அழித்ததற்குச் சான்றிதழ் வாங்கி ஃபைலில் வைக்கிறார்கள். சட்டம் சரிதான். ஈயமும் காட்மியமும் ஏரியில் கலக்காமல் இருந்தால் நல்லதுதான், பெல்லந்தூர் நுரையைப் பார்த்த யாரும் மறுத்துப் பேச முடியாது. ஆனாலும் விதியில் எங்காவது ஓரமாக, 'ஆசைப்பட்டுக் கேட்கிற கிறுக்கனுக்கு ஒன்று கொடுக்கலாம்' என்று ஒரு வரி சேர்த்திருக்கக் கூடாதா?

இதெல்லாம் போகட்டும். என் பெரிய ஆதங்கம் சிம்ப்யூட்டர்.

இளைஞர்களுக்குப் பெயர்கூடத் தெரிந்திருக்காது. 1999-ல் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் நாலு பேரும், என்கோர் சாஃப்ட்வேர் கம்பெனியின் வினய் தேஷ்பாண்டே முதலானவர்களும் சேர்ந்து சிம்ப்யூட்டர் டிரஸ்ட் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்துகிற மாதிரி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கம்ப்யூட்டர். லினக்ஸில் ஓடும். தொடுதிரை உண்டு. எழுத்தை இந்திய மொழியில் வாய்விட்டுப் படித்துக் காட்டும். தனியாக வாங்க வசதியில்லாதவர்கள் ஊருக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டைச் செருகித் தங்கள் கணக்கைத் திறந்துகொள்ளலாம். 2001-ல் மாதிரியைக் காட்டினார்கள். 2004 ஏப்ரலில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், நம் எழுத்தாளர் சுஜாதா வேலை பார்த்த அதே ஜாலஹள்ளி பி.இ.எல்.தான், பிகோபீட்டா என்ற கம்பெனியோடு சேர்ந்து 'அமிடா' என்ற பெயரில் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. விலை சுமார் 10,000 ரூபாயில் ஆரம்பம். கலர்த் திரை வைத்தது 20,000 வாக்கில்.

அமிடாவில் ஒரு விஷயம் உண்டு. கையை லேசாகச் சாய்த்தால் திரையில் பக்கம் புரளும். உள்ளே அசைவை உணரும் சென்ஸார் வைத்திருந்தார்கள். ஐபோன் வந்தது 2007-ல். போனைத் திருப்பினால் படமும் திரும்புகிறது என்று உலகமே வாய் பிளந்ததற்கு மூன்று வருஷம் முன்னால், நம்ம ஜாலஹள்ளியில் செய்து டப்பாவில் போட்டு விற்றாகிவிட்டது. அது மட்டுமா, சர்க்யூட் விவரத்தையும் ஒளித்து வைக்கவில்லை. மென்பொருளுக்கு இருப்பதைப் போலவே ஹார்டுவேருக்கும் ஒரு பொது உரிமம் எழுதினார்கள். இவ்வளவு செய்தும் வியாபாரம் எடுபடவில்லை. எதிர்பார்த்த பெரிய அரசு ஆர்டர்கள் வரவில்லை. அதற்குள் செல்போன் விலை சரிந்து, எல்லார் கையிலும் அது ஏறிவிட்டது.

தோற்றதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, உலகத்தில் எத்தனையோ மெஷின்கள் தோற்றிருக்கின்றன. அமெரிக்காக்காரனின் ஆப்பிள் நியூட்டனும் தோற்றதுதான். ஆனால் நியூட்டன் வேண்டுமென்றால் இன்று ராத்திரியே பணம் கட்டி வரவழைக்கலாம். கேட்ட விலை கொடுக்கிறேன் என்று எஸ்.பி. ரோடு, அவென்யூ ரோடு, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சிக்பேட்டைப் பக்கம் கூடும் சோர் பஜார் என்று அலைகிறேன், செய்த ஊரிலேயே ஒரு சிம்ப்யூட்டர் சிக்கமாட்டேன் என்கிறது. விற்பனை பெரிதாக இல்லாவிட்டாலும் வாங்கினவர்கள் வாங்கித்தானே இருப்பார்கள்? யார் வீட்டுப் பரணிலோ, எந்த ஆபீஸ் அலமாரியிலோ பழைய கேபிள் சுருளுக்கு அடியில் கிடக்கும். திறந்து பார்ப்பவர் 'ஏதோ பழைய கேம்' என்று நினைத்து, பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுவார்.

கையில் சிக்கியவற்றின் அவஸ்தை தனி. என்னிடம் உள்ள பாம், 2000-ல் வந்த 8 எம்.பி. மாடல். ரெண்டு சின்ன பென்சில் பேட்டரி போட்டால் வாரக்கணக்கில் ஓடும். இன்றைய போன் ராத்திரி பட்டினி போட்டால் காலையில் மயங்கிவிழுகிறது. ஆனால் பாமில் எழுதியதெல்லாம் ராமில்தான் உட்கார்ந்திருக்கும். பேட்டரியைக் கழற்றினால், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ஒரு நிமிஷம்போலத் தாங்கும். அதற்குள் புதுசைப் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் டைரி, முகவரி எல்லாம் துடைத்த மாதிரி போய்விடும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேட்டரி மாற்றும்போதுதான் காலிங் பெல் அடிக்கும். எப்போதும் அப்படித்தான்.

இன்னொரு சனியன் ஒழுகல். முதல் உரிமையாளர் பேட்டரியோடு பெட்டியை மூடிப் பரணில் போட்டிருப்பார். மூடியைத் திறந்தால் ஸ்பிரிங் முழுக்க உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி. 486 போர்டுகளில் இன்னும் மோசம். கடிகாரத்தை ஓட்ட வைத்திருந்த பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து, பக்கத்திலிருக்கும் தாமிரக் கோடுகளைப் பச்சை பிடிக்க வைத்து அரித்துத் தின்றிருக்கும். கசிந்தது காரம் என்பதால் வினிகரை பட்ஸில் தொட்டு மெல்லத் தேய்க்க வேண்டும். நுரைத்து அடங்கியதும் ஆல்கஹால் போட்டுத் துடைக்க வேண்டும். அப்புறம் மல்ட்டிமீட்டரை வைத்து எந்தக் கோடு உயிரோடு இருக்கிறது, எது போய்விட்டது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அறுந்த இடத்தில் தலைமுடி கனத்துக்கு ஒயர் வைத்துச் சால்டர் செய்ய வேண்டும். என் கண்ணுக்கு இப்போது பூதக்கண்ணாடி இல்லாமல் முடியாது. "ஏங்க, சில்லி காளானுக்கு வாங்கின வினிகர் எங்கே?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்போது நான் பதில் சொல்வதில்லை.

சையான் போன்றவற்றின் ரப்பர் பூச்சு இருக்கிறதே, அது ஈரப்பதத்தில் நாளாவட்டத்தில் இளகி, கையில் எடுத்தால் பலாப்பழம் அறுத்த பிசின் மாதிரி ஒட்டும். எல்லாம் சரிசெய்து, மெஷின் உயிர்த்து, பாட்டு மாதிரி ஒரு பீப் அடித்த பிறகு அதை எதோடு இணைப்பது? பழைய கையடக்கக் கருவியின் வைஃபைக்கு வெப் (WEP) என்ற அந்தக் காலத்துப் பூட்டு மட்டும்தான் தெரியும். என் வீட்டு ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. தளங்களைத் திறந்தால் சான்றிதழ் சரியில்லை என்கிறது. பிளாக்பெர்ரிக்காரர்களுக்கு 2022 ஜனவரி 4-ல் சர்வரையே மூடினார்கள். சி.டி.எம்.ஏ. போன்களுக்குப் பேச நெட்வொர்க்கே கிடையாது. கருவி நன்றாகத்தான் இருக்கிறது, சுற்றியிருக்கும் ஊர்தான் அதோடு பேச்சை நிறுத்திவிட்டது.

வீட்டில் வருஷத்துக்கொரு கண்டம், ஆயுத பூஜை. அதற்கு முந்தைய ரெண்டு வாரம் ஒட்டடை அடிக்கிறேன் பேர்வழி என்று பரண் காலியாகும். நான் ஆபீஸ் போயிருக்கும்போது எது குறையும் என்று சொல்ல முடியாது. "அப்பா, ஒரு வாரமா இதைத் தொடவே இல்லையே நீ" என்று மகன் வேறு சாட்சி சொல்கிறான். பூஜையன்று 486-க்கும் சந்தனம், குங்குமம் வைப்பேன். வீட்டில் யாருக்கும் சிரிப்பை அடக்க முடிவதில்லை.

இதற்கு நடுவில் எங்கள் பேட்டை குஜரிக்காரரைப் பழக்கம் பிடித்து வைத்திருந்தேன். டீ வாங்கிக் கொடுத்து, போன் நம்பர் கொடுத்து, "அண்ணே, பழைய கம்ப்யூட்டர் எது வந்தாலும் உடைக்காதீங்க, எனக்கு ஒரு போன் போடுங்க" என்று சொல்லியிருந்தேன். மனுஷன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். போன மாசம் கூப்பிட்டார். போனால், பவர் சப்ளை செத்த ஒரு 386, தூசியோடு. ஹார்டுடிஸ்க் இல்லை, ஒரு பக்க மூடியும் இல்லை. எவ்வளவு என்றேன். செல்போனை எடுத்து, வெளிநாட்டில் யாரோ பளபளவென்று துடைத்து விற்பனைக்குப் போட்டிருந்த படத்தைக் காட்டினார். "விண்டேஜ் சார். எடைக்குப் போட்டா முந்நூறு. உங்களுக்குன்னா எட்டாயிரம்."