பழைய பாதையில் புதிய வண்டி



அம்மியும் உரலும் இருந்த இடத்தில் இன்று நம் இல்லங்களில் மடிக்கணினி அமர்ந்துவிட்டது. அதனைப் பற்றி இம்மாதம் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன். நான் அத்துறையில் பட்டம் பெற்றவனல்லன். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திவிட்டு ரெயில்வேயில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளுபவன். ஆயினும் பட்டுத் தெரிந்துகொண்டதைப் பிறருக்குச் சொல்வதில் தவறில்லையல்லவா?

என் தமக்கை நாகர்கோவிலில் இருக்கிறாள். அவள் மகன் இங்கே திருவனந்தபுரத்தில் எங்களுடன் தங்கிக் கல்லூரியில் படிக்கிறான். அவன் கையிலிருப்பது காலஞ்சென்ற என் அத்தான் பயன்படுத்திய மடிக்கணினி. வீட்டுப் பத்திரங்களின் பிரதிகளும், குடும்பப் படங்களும், எல்லாவற்றிற்கும் மேலாக, மகன் பத்தாம் வகுப்பில் தேறிய அன்று அத்தான் பேசிப் பதிவு செய்த வாழ்த்துரையும் அதில் இருந்தன. வேறெங்கும் பிரதி கிடையாது.

சில நாட்களாக அதன் ஹார்டு டிஸ்க் 'டிக் டிக்' என்று ஒலிக்கலாயிற்று. ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தகடு. 1956-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் முதன்முதலில் வெளியிட்டதில், 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் சுழன்று, ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களையே தாங்கின. இன்று அது உள்ளங்கையில் அடங்குகிறது. ஆயினும் சுழல்வது ஒருநாள் தேயத்தான் செய்யும். 'டிக் டிக்' என்பது அதன் மரண மூச்சு. ஆகவே நகரத்தில் ஒரு கடையில் கொடுத்து, சுழலாத புதுவகையான எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, பழையதில் உள்ளதை அப்படியே நகலெடுக்கச் சொன்னோம். கடைக்காரர் மலையாளி, நல்ல வேலைக்காரர். நகல் சரியாக விழுந்ததை வேறொரு கணினியில் பார்த்துவிட்டதாகச் சொன்னார். கடையிலேயே இயக்கிப் பார்க்கலாம் என்றார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நாங்கள்தான் புறப்பட்டு வந்துவிட்டோம். தவறு இங்கே தொடங்கியது.

வீட்டில் விசையை அழுத்தினால், கறுத்த திரையில் 'இயக்குவதற்குரிய சாதனம் இல்லை' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி தோன்றியது. அவ்வளவே.

"நான் அப்பொழுதே சொன்னேன். தமிழர்கள் என்று தெரிந்து ஏமாற்றிவிட்டார்கள். நீங்கள் போய்க் கேளுங்கள்" என்றாள் என் மனைவி.

மருமகனோ, "மாமா, விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடுகிறேன், அரைமணி வேலை" என்று பென் டிரைவை எடுத்தான். நல்லவேளையாக அவன் கையைப் பிடித்தேன். புதிதாக ஏற்றும்பொழுது தட்டை வெறுமையாக்கவா என்று கணினி கேட்கும். தெரியாமல் 'ஆம்' என்றால் அத்தானின் குரல் அன்றோடு போயிற்று. பழைய தட்டோ சாகுந் தறுவாயில் இருக்கிறது. மறுமுறை நகல் எடுக்கத் தாங்குமா என்பது ஐயமே.

அன்பர்களே, இத்தகைய சமயத்தில் முதற்கடமை ஒன்றையும் அழிக்காமல் இருப்பது. இரண்டாவது, முறையாக ஒவ்வொன்றாய்ச் சோதிப்பது. வண்டி நகரவில்லையெனில் எஞ்சினைக் குறை கூறுமுன் சிக்னலைப் பார்ப்பதன்றோ ரெயில்வே வழக்கம்?

முதலாவதாக, கணினி புதிய தட்டைக் காண்கிறதா என்று அறிய வேண்டும். இயக்கியவுடன் குறித்ததொரு விசையைத் தட்டினால் 'பயாஸ்' என்னும் அமைப்புப் பக்கம் திறக்கும். டெல் கணினிகளில் எஃப் 2, எச்.பி. கணினிகளில் எஃப் 10 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அங்கே தட்டின் பெயர் இல்லையெனில், அது சரியாகச் செருகப்படவில்லை, அல்லது இணைப்பு நாடா தளர்ந்துள்ளது. 'எம்.2' என்னும் சிறு பட்டை வகையில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு இனங்கள் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், ஒன்றுக்குரிய இடத்தில் மற்றொன்று இயங்காமல் போகலாம். எங்கள் திரையில் தட்டின் பெயர் தெரிந்தது.

இரண்டாவதாக, தட்டில் சரக்கு உண்டா? வெறுந்தட்டைப் பொருத்தியிருந்தால் அந்த ஆங்கில வரி தோன்றுவது இயல்பே. அதில் இயங்குதளத்தை ஏற்றியாக வேண்டும். நகலெடுக்கும்பொழுது 'சி' பகுதியை மட்டும் எடுத்து, தொடக்கத்திற்குரிய சிறு பகுதியை விட்டுவிட்டாலும் இதே கதிதான். கேரளப் பள்ளிகளுக்காகக் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு அமைத்த லினக்ஸ் ஒன்று உண்டு. அண்டைவீட்டு ஆசிரியரிடம் அது பென் டிரைவில் இருந்தது. தட்டில் எதையும் ஏற்றாமல் பென் டிரைவிலிருந்தே அதை இயக்கிப் பார்த்தோம். பத்திரம், படம், குரல் அனைத்தும் புதிய தட்டில் பத்திரமாக இருந்தன! கடைக்காரர் மீது குற்றமில்லை என்பது அந்த நிமிடமே விளங்கிற்று.

பின் ஏன் இயங்கவில்லை? மீண்டும் பயாஸ் பக்கத்தைத் திறந்தபொழுது ஒன்று கண்ணில் பட்டது. கடிகாரம் பல ஆண்டுகட்கு முந்திய ஒரு ஜனவரி முதல் தேதியைக் காட்டியது. கணினியினுள்ளே காசு அளவில் ஒரு மின்கலம் உண்டு. கடிகாரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைப்பது அதன் பணி. அது உயிரற்றிருந்தது. தட்டை மாற்றும்பொழுது பெரிய பேட்டரியையும் கழற்றியதால், கணினி பழைய அமைப்புகளை மறந்து, தொழிற்சாலையில் இருந்த நிலைக்குத் திரும்பிவிட்டது.

இதை விளக்க நம் ஊர்ப் பாதையையே சொல்கிறேன். 1976 வரை திருவனந்தபுரத்துக்கு மீட்டர் கேஜ் வண்டிகளே வந்தன. தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டர். இன்றைய அகலப் பாதையோ 1,676. வண்டியில் குறையில்லை, பாதையிலும் குறையில்லை; ஆயினும் ஒன்றுக்குரிய வண்டி மற்றொன்றில் ஓடாது. கணினியிலும் அவ்வாறே 'லெகஸி' என்ற பழைய பாதையும், 'யு.இ.எஃப்.ஐ.' என்ற புதிய பாதையும் உள்ளன. அத்தானின் கணினியில் யாரோ முன்பு பழைய முறையில் விண்டோஸை ஏற்றியிருந்தார். நகலும் அதே முறையில் இருந்தது. மறதியுற்ற கணினியோ புதிய பாதையைத் திறந்து வைத்துக் காத்திருந்தது.

'செக்யூர் பூட்' என்பதை நிறுத்தி, 'லெகஸி' என்று மாற்றி, சேமித்து வெளியேறினேன். விண்டோஸ் எழுந்தது. மறுநாள் அந்தச் சிறு மின்கலத்தையும் மாற்றினோம். இல்லையேல் இத்தொல்லை மீண்டும் வரும்.

ஆகவே, தட்டு மாற்றுமுன் செய்யத் தக்கவை: விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தைத் திறந்து, 'பயாஸ் மோட்' என்ற வரியில் உள்ளதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்கத் திறவு எண்ணையும் எழுதி வையுங்கள். கடையிலேயே இயக்கிப் பாருங்கள். பழைய தட்டைக் கழிவு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதில் நம் ஆதாரும் பத்திரமும் உள்ளன. முக்கியமானவற்றுக்கு வேறிடத்தில் இன்னொரு பிரதி அவசியம்.

அன்றிரவு அத்தானின் வாழ்த்துரையை மருமகன் கைப்பேசி வழியே தன் தாய்க்குக் கேட்கச் செய்தான். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. "தம்பி, இன்னொரு தரம் போடச் சொல்" என்றாள் தமக்கை.

மறுநாள் மின்கலம் வாங்க அதே கடைக்குச் சென்றேன். மனைவியும் உடன் வந்தாள். அவரை ஐயுற்றதை நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் மட்டும் தனக்குத் தெரிந்த மலையாளத்தில் இரண்டு முறை நன்றி கூறினாள். பிழைக்க வந்த ஊரில், இயந்திரம் மறந்ததற்கெல்லாம் மனிதரைப் பழிக்கத் தொடங்கினால் நமக்குத் துணை யார்?