ஒற்றைச் செருப்பும் ஒளிந்திருக்கும் முகங்களும்

“ஒருவனை ஓர் அறையில் உட்காரவைத்துப் படம் முடியும்வரை பேசவிட்டால் அது கலையா? கண்கட்டு வித்தையா?” திமிரியில் தோழர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கேலிக்காகக் கேட்டவரல்லர் அவர், ஐயத்தால் கேட்டார். ஆகவே விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

2019 செப்டம்பரில் வெளிவந்த ‘ஒத்த செருப்பு சைஸ் 7’ பற்றியதே அக்கேள்வி. எழுதியவர், இயக்கியவர், தயாரித்தவர், நடித்தவர் எல்லாம் பார்த்திபன் ஒருவரே. ஒற்றை நடிகர் படம் இந்நாட்டிற்குப் புதிதன்று. 1964-லேயே சுனில் தத் இந்தியில் ‘யாதேன்’ எடுத்துக் காட்டினார். எனவே, ‘புதுமை, புதுமை’ என்று நான் பூரிக்கப் போவதில்லை. புதுமைக்காக மட்டும் போற்றப்படும் கலை, மறுநாளே பழங்கதையாகிவிடும்!

அப்படியாயின், அந்தப் படத்தின் சிறப்பு எது?

கொலை ஐயத்தின் பேரில் காவல் நிலையத்தில் விசாரிக்கப்படுகிறான் மாசிலாமணி என்னும் ஏழை. அவன் முகம் ஒன்றே நமக்குத் தெரிகிறது. அதட்டும் குரல் கேட்கிறது. அதட்டுபவர் முகம் தெரியவில்லை. ஆணை கேட்கிறது, ஆணையிடுபவர் தெரியவில்லை. ஆம், தோழர்களே! அதிகாரம் ஒலியாக நிற்கிறது. ஏழை உடலாக நிற்கிறான். இது வித்தையா? நாட்டு நடப்பின் நிழற்படமன்றோ இது!

தோல் பதனிட்டும் காலணி தைத்தும் வாழ்வோர் நிறைந்த நம் வட்டாரத்தில், ஒற்றைச் செருப்பால் பயனில்லை என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. இணையிருந்தால்தான் நடக்கலாம். விசாரணையும் அவ்வாறே. கேட்கப்படுபவன் முகம் வெளிச்சத்திலும், கேட்பவர் முகம் இருளிலும் இருக்குமாயின், அதை அணிந்துகொண்டு நீதி நெடுந்தொலைவு நடக்க இயலாது.

“குற்றவாளிக்குப் பரிவா?” என்று சீறுவோர் உளர். மாசிலாமணியை மாசற்றவன் என்று நான் வாதாடவில்லை. குற்றம் செய்தவனைத் தண்டிக்கட்டும், நீதிமன்றம்! காவல்துறை அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்திற்குச் சான்றாக்கக் கூடாதென்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் தன் 25-ஆம் பிரிவில் விதித்தது. அன்னியர் ஆட்சி செய்த சட்டம் அது! 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. மூடிய அறையில் பிறக்கும் சொல்லைச் சட்டமே நம்ப மறுப்பது ஏன்? சீறுவோர் சிந்திக்கட்டும்.

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் வதைக்கப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து மாண்டதை நாடு மறக்கவில்லை. அந்நிலையத்தில் ஒளிப்பதிவுக் கருவி இல்லையா? இருந்தது! பதிவுகள் நாள்தோறும் தாமே அழியுமாறு அமைக்கப்பட்டிருந்தன என்று, விசாரிக்கச் சென்ற நடுவர் உயர் நீதிமன்றத்திற்கு அறிக்கை தந்தார். கண் இருந்தது; நினைவு இல்லை!

அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது: காவல் நிலையம் ஒவ்வொன்றிலும் ஒளியோடு ஒலியையும் பதியும் கருவிகள் வேண்டும், பதிவுகளை ஓராண்டுக்குக் குறையாமல் காக்க வேண்டும். திரைக்கலைஞர் 2019-லேயே அந்த அறைக்குள் கருவியைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஒலியின் அருமையையும் அவர் அறிந்திருந்தார். அப்படத்திற்குக் கிடைத்த தேசிய விருதுகளுள் ஒன்று ரசூல் பூக்குட்டியின் ஒலிக்கலவைக்கே உரியது.

படத்தைப் பாருங்கள், நடிப்பைப் பாராட்டுங்கள். அத்தோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் கருவி இயங்குகிறதா, பதிவு காக்கப்படுகிறதா என்று மனு எழுதிக் கேளுங்கள். யார் ஆட்சியில் இருந்தாலும் கேளுங்கள்! தெரியாத முகங்கள் தெரிய வேண்டும். அப்போதுதான் ஒற்றைச் செருப்புக்கு இணை கிடைக்கும். நீதியும் நடக்கத் தொடங்கும்.