நாம் ஏன் சண்டை போடுவதில்லை?

ஆச்சியை எங்கே புதைப்பது என்று முடிவு செய்ய ஏழு மணி நேரம் ஆனது. 2011, மே மாதம். மேலநீலிதநல்லூரிலிருந்து கொஞ்சம் தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. சங்கரன்கோவிலிலிருந்து வாடகைக்குக் கொண்டு வந்த ஐஸ் பெட்டி, கரண்ட் போகும்போதெல்லாம் நின்றுவிடும். சித்தி ஒவ்வொரு முறையும் எழுந்து போய் பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள்.

ஆச்சி கிறிஸ்தவள், மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். தாத்தா கறுப்புச் சட்டை. 1970இல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் முன்னதாக அறிவிப்பு ஒட்டுவார்களே, அதைப் பார்த்துத்தான் இரண்டு பக்கத்துக்கும் விஷயம் தெரிந்தது. சபையில் ஆச்சிக்குத் திருவிருந்தை நிறுத்தினார்கள், பெயரையும் அடித்தார்கள். மதம் மாறிக் கட்டியதைவிட சாதி மாறிக் கட்டியதுதான் உறுத்தியது என்று அப்பா சொல்வார். ஆச்சி விடவில்லை. நாற்பத்தொரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

அன்றைக்குச் சேகரத்து ஐயர் (பாதிரியாரை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வார்கள்) சொன்னது: "ரெஜிஸ்டர்ல பேரு இல்லியே. கல்லறைத் தோட்டத்துல இடம் குடுக்க கமிட்டி ஒத்துக்கிடாது." வாசலில் நின்ற தாத்தாவின் தோழர்கள் சொன்னது: "அய்யா, ஜெபம் கிபம்னு ஆரம்பிச்சா நாங்க கெளம்பிருவோம். நாளைக்கு நம்மளப் பாத்து நாலு பேரு சிரிப்பான்." சபையின் பெயரையும் அமைப்பின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. எந்தச் சபையும் எந்த அமைப்பும் இப்படிச் செய்யக்கூடியதுதான்.

எனக்கு இருபத்திரண்டு வயது. இன்ஜினியரிங் முடித்த கையோடு டாக்கின்ஸ் படித்திருந்தேன். கடவுள் இல்லை என்று ஐந்து விதமாக நிரூபிக்கத் தெரியும், பிணத்தை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது என்று தெரியாது.

கடைசியில் தாத்தாவின் காட்டு ஓரத்தில் குழி வெட்டினோம். பக்கத்து ஊரிலிருந்து ரிட்டயர்டு உபதேசியார் ஒருவர் யாரும் கூப்பிடாமல் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து இறங்கினார். பைபிளைத் திறந்தார். தோழர்கள் சொன்னபடியே கிளம்பிப் போனார்கள். உச்சி வெயில். தாத்தா கறுப்புச் சட்டையோடு போய் அவர் பக்கத்தில் நின்று, ஜெபம் முடியும்வரை குடை பிடித்தார்.

நெகிழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு தரப்பின் மேலும் எனக்கு ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. தமிழ்நாட்டில் நாத்திகர்களும் கிறிஸ்தவர்களும் நண்பர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். சமூகநீதி மேடைகளில் பாதிரியாரும் கறுப்புச் சட்டையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்கிறார்கள், ஒரே பொன்னாடையைப் போர்த்திக்கொள்கிறார்கள். மேடையை விட்டு இறங்கியதும், "இவனுக ஓட்டுக்காக நம்ம கூட இருக்கானுக" என்று ஒருவரும், "இவனுக உள்ளுக்குள்ள மதம் மாத்துற கும்பல்தான்" என்று இன்னொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். இதற்கு நட்பு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சண்டையைத் தள்ளிப்போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். அதற்கான வட்டியை ஆச்சி மாதிரி நடுவில் நிற்பவர்கள் கட்டுகிறார்கள்.

*

நாம் எப்போதும் இப்படி இருந்தவர்கள் இல்லை. 1880களில் சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' என்று தமிழிலும் 'தி திங்கர்' என்று ஆங்கிலத்திலும் பத்திரிகை நடத்தினார்கள். இங்கிலாந்தின் சார்லஸ் பிராட்லாவின் நாத்திக இயக்கத்தோடு தொடர்பு வைத்திருந்தவர்கள். சாதியையும் பிராமணியத்தையும் எந்தக் கையால் அடித்தார்களோ, அதே கையால் மிஷனரிகளின் அற்புதங்களையும் அடித்தார்கள். பெரியார் இயக்கமும் ஆரம்பத்தில் ஒளித்துப் பேசவில்லை. பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் 'நான் ஏன் கிறிஸ்தவனல்ல' தமிழுக்கு வந்தது அந்த இயக்கத்தின் வெளியீடாகத்தான்.

பிறகு என்ன ஆயிற்று? அதற்கான துப்பும் அந்த 1880களிலேயே இருக்கிறது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் சென்னையில் இந்து டிராக்ட் சொசைட்டி என்று ஒன்று கிளம்பியது. அவர்கள் நாத்திகர்கள் இல்லை, சாமி கும்பிடுகிறவர்கள். மிஷனரிகளை எதிர்க்க அவர்கள் கையில் எடுத்தது ஐரோப்பிய நாத்திகர்களின் வாதங்களை! பைபிளில் இருக்கும் முரண்பாடுகள், கன்னிப் பிறப்பு, அற்புதங்கள் எல்லாம் துண்டுப் பிரசுரமாகத் தெருவில் இறங்கின. நாத்திகன் தீட்டிய கத்தி பக்கத்து வீட்டு ஆத்திகன் கைக்குப் போனது.

இன்றைய கிறிஸ்தவரின் பயம் இதுதான், அது நியாயமான பயமும்கூட. 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தபோது இந்த மாநிலத்தில் அவர்கள் எப்படிப் பதறினார்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது. ஆச்சி பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டர்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சிறுபான்மையாக இருப்பவன் காதில் விமர்சனம் விழும்போது கல் விழுகிற சத்தமும் சேர்ந்தே கேட்கும். அது தெரிந்துதான் நம் நாத்திகர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அந்த நல்லெண்ணத்துக்குள் ஓர் அவமதிப்பு இருக்கிறது: இந்துவுக்கு எங்கள் கேள்வியைத் தாங்குகிற தெம்பு உண்டு, கிறிஸ்தவருக்குக் கிடையாது என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். ஒருவனைச் சமமாக நினைத்தால்தானே அவனோடு வாதாடத் தோன்றும்?

*

இன்னொரு விஷயம், நாத்திக நண்பர்கள் கவனிக்காதது. நான் சாஃப்ட்வேர்காரன், அதனால் இப்படிச் சொல்கிறேன்: இந்தியச் சட்டத்தில் மதம் என்ற கட்டத்தின் டீஃபால்ட் மதிப்பு 'இந்து'. இந்து திருமணச் சட்டத்தைப் பாருங்கள். முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத யாராக இருந்தாலும் அதற்குள் வந்துவிடுவார். சாமி சிலையைச் செருப்பால் அடித்தவரும் அந்தச் சட்டத்துக்கு இந்துதான். 1967இல் அண்ணா ஆட்சி நிறைவேற்றிய சுயமரியாதைத் திருமணத் திருத்தத்தை, அந்த 7ஏ பிரிவை, நாம் பெருமையாகப் பேசுகிறோம். பெருமைதான். ஆனால் அது இரண்டு இந்துக்களுக்கு நடுவே நடக்கும் திருமணத்துக்கு மட்டும். கட்டிக்கொள்கிறவர்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் அந்தக் கதவு திறக்காது. தாத்தாவும் ஆச்சியும் முப்பது நாள் நோட்டீஸ் பலகையில் தொங்கியது அதனால்தான்.

சாதிச் சான்றிதழுக்கு வருவோம். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை முதலில் இந்துக்களை மட்டும் சேர்த்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவத் தலித் இன்றுவரை வெளியே. இந்துவாகப் பிறந்த தலித் ஒருவர் கடவுளே இல்லை என்று அறிவித்தால் சான்றிதழுக்கு ஆபத்தில்லை, ஞானஸ்நானம் எடுத்தால் போயிற்று. இந்த நாட்டில் கடவுளை விடுவது இலவசம், கடவுளை மாற்றுவதற்குத்தான் விலை.

இந்துவாகப் பிறந்த நாத்திகன் ஒருவன் கிறிஸ்தவ நண்பனைப் பார்த்து, "நான் எல்லாத்தையும் உதறிட்டு வந்துட்டேன், உனக்கு என்ன தயக்கம்?" என்று கேட்கிறான். அவன் எதை உதறினான்? அவன் சித்தப்பா வீட்டுப் பொங்கலுக்குப் போவான், கொடைக்குக் கறிச்சோறு சாப்பிடுவான், செத்தால் ஊர்ச் சுடுகாடு இருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன் உதறினால் கல்யாணம், கல்லறை, சில சமயம் வேலை என்று எல்லாமே ஒரே ரெஜிஸ்டரிலிருந்து அடிபடும். இந்தக் கணக்குத் தெரியாமல் கேட்கிற கேள்வியில் துணிச்சல் ஒன்றும் இல்லை.

ஒரு வேடிக்கையும் உண்டு. எந்த மதமும் இல்லை என்று சொல்லிக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு, மதத்தைக் குறிப்பிடச் சொல்லி அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று 2014இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாத்திகர்களாகிய நாம் அடிக்கடி தூக்கிக் காட்டும் தீர்ப்பு. வழக்குப் போட்டவர்கள் நாத்திகர்கள் இல்லை. இயேசுவை நம்புகிறோம், கிறிஸ்தவம் என்கிற மதம் வேண்டாம் என்று சொன்ன ஒரு சிறு குழுவினர்!

*

இனி கிறிஸ்தவ நண்பர்களுக்கு. உங்கள் பயம் நியாயம் என்று சொன்ன அதே வாயால் இதையும் சொல்கிறேன்: காயம்பட்டவர் என்பதால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் உரிமை வந்துவிடாது.

2012இல் மும்பையில் ஒரு வேளாங்கண்ணி மாதா கோயிலில் சிலுவையில் இருந்த இயேசுவின் பாதத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜனம் கூடியது, தீர்த்தமாகப் பிடித்துக்கொண்டு போனது. பகுத்தறிவாளர் சனல் இடமருகு போய்ப் பார்த்தார். பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் அடைத்திருந்தது. அந்தத் தண்ணீர் சுவர் வழியே நுண்புழை ஏற்றத்தில் ஏறிச் சொட்டுகிறது என்று விளக்கினார். பள்ளிக்கூட இயற்பியல். அதற்கு நன்றி சொல்லியிருக்க வேண்டாமா? அது கழிவுநீர், ஐயா! குடித்துவிடாதீர்கள் என்று சொன்னவர்மேல் கத்தோலிக்க அமைப்புகள் 295ஏ பிரிவில் புகார் கொடுத்தன. அந்த ஆண்டே அவர் ஃபின்லாந்து போய்விட்டார். மத உணர்வைப் புண்படுத்தியதாகச் சொல்லும் இந்தப் பிரிவு 1927இல் வெள்ளைக்காரன் சேர்த்தது. இன்று புதிய சட்டத்தில் 299 என்று எண் மாறி உயிரோடு இருக்கிறது. இன்றைக்கு நீங்கள் சனல்மேல் வீசியதை நாளைக்கு உங்கள் சுவிசேஷகர்மேல் வீசுவார்கள். வீசிக்கொண்டும் இருக்கிறார்கள்.

2006இல் 'டாவின்சி கோட்' படத்தைத் தமிழ்நாட்டில் தடை செய்தது நினைவிருக்கிறதா? தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய படம். கிறிஸ்தவ அமைப்புகள் எதிர்த்தன, தடை வந்தது. தடை போட்ட அரசின் முதல்வர் யார்? தன்னை நாத்திகர் என்று சொல்லிக்கொள்ளத் தயங்காத கலைஞர். சென்னை உயர்நீதிமன்றம்தான் தடையை ரத்து செய்தது. நம் இரண்டு தரப்பின் 'நட்பு' என்னவென்று யாராவது கேட்டால் இந்த ஒன்றைக் காட்டினால் போதும். ஒருவர் கேள்வியைப் பார்த்துப் பயந்தார், இன்னொருவர் பயந்தவரைத் திருப்திப்படுத்தினார். படத்தைப் பார்த்துவிட்டு மோசமான சரித்திரம் என்று சொல்லி விவாதிக்கும் வாய்ப்பு ரெண்டு பேருக்கும் போயிற்று.

நம் பக்கத்து வடக்கன்குளத்துக்கு வாருங்கள். 1872இல் கட்டிய தேவாலயம். சாதிக்கு ஒரு கூடம் என்று இரண்டு கூடங்கள், பீடத்தில் வந்து சேரும், கால்சட்டை மாதிரி. நடுவே சுவர். 1910இல் அந்தச் சுவர் இடிபட்டது. இடிக்க முன்வந்தவர் ஒரு பாதிரியார். ஆக, உள்ளேயிருந்தே இடிக்க முடியும் என்பதற்கு உங்களிடமே முன்னுதாரணம் இருக்கிறது. நாத்திகன் வெளியிலிருந்து தட்டும்போது மட்டும் ஏன் அது சபையின் மேல் தொடுக்கும் போராகத் தெரிகிறது?

*

நாத்திக நண்பர்களே, நமக்கும் கொஞ்சம் கேள்வி மிச்சமிருக்கிறது. பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரி 1895இல் ஆரம்பித்தது. இந்தியாவுக்கே வராத ஓர் ஆங்கிலப் பெண்ணின் பெயர் அதற்கு. பெண் படிக்க வேண்டும் என்று நாம் மேடை போடுவதற்கு முன்பே இந்தச் சீமையில் பெண்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனது, நாம் கேலி செய்யும் அந்த நம்பிக்கைதான். இந்தக் கடனை ஒப்புக்கொண்டால் நம் நாத்திகம் தேய்ந்துவிடாது. ஒப்புக்கொண்ட பிறகு கேட்கும் கேள்விக்குத்தான் எடை.

ஆப்ரகாம் கோவூரை நமக்குப் பிடிக்கும். மார்த்தோமா சபைக் குருவின் மகன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் ஆசிரியராக இருந்தபோது அவரை பைபிள் பாடம் எடுக்கச் சொன்னார்களாம். பையன்கள் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் அடுத்த வருஷம் அந்தப் பாடம் அவருக்குத் தரப்படவில்லை. மார்க் வந்தது, நம்பிக்கை போய்விட்டது என்றாராம் தலைமையாசிரியர். நாம் சிரிக்கிறோம். நான் அதில் வேறொன்றையும் பார்க்கிறேன். கோவூருக்கு பைபிள் தெரிந்திருந்தது. நம்மில் எத்தனை பேர் ஒரு சுவிசேஷத்தையாவது முழுதாகப் படித்திருக்கிறோம்? படிக்காமல் கேலி செய்வதும், படிக்காமல் 'நம்ம ஆளுக' என்று தட்டிக்கொடுப்பதும் ஒரே சோம்பேறித்தனம்.

அன்றைக்கு ஆச்சியின் வீட்டு வாசலிலிருந்து கிளம்பிப் போன தோழர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தைப் பூட்டிய கமிட்டியையும் மன்னிக்கவில்லை. ரெண்டு பேருக்கும் அன்று ஒரே கவலை: நம்மைப் பார்த்து நாலு பேர் என்ன சொல்வார்கள்.

குழியை மூடிவிட்டு வீட்டுக்கு வந்ததும் தாத்தா உபதேசியாரைத் திண்ணையில் உட்காரவைத்துக் கடுங்காப்பி கொடுத்தார். அவர் குடித்து முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார். "கடைசி நாள்ல எல்லாரும் எந்திரிப்பாகன்னு வாசிச்சீரே, அதுக்கு என்னவே சாட்சி?" உபதேசியார் டம்ளரைக் கீழே வைத்தார். "எந்திரிக்க மாட்டாகன்னு சொல்லுதீரே, அதுக்கு உம்மகிட்ட என்ன சாட்சி?" சாயங்காலம்வரை நடந்தது. குரல் உயர்ந்தது. ஒரு கட்டத்தில் உபதேசியார் எழுந்து வண்டியை ஸ்டார்ட் செய்தே விட்டார், பிறகு ஒரு வசனம் ஞாபகம் வந்து இறங்கி வந்தார்.

அடுத்த வியாழக்கிழமையும் வந்தார். அதற்கு அடுத்த வாரமும். தாத்தா போகும்வரை எட்டு வருஷம் அந்தச் சண்டை நடந்தது. ஒருவரும் மாறவில்லை. தாத்தா உடல் தானத்துக்கு எழுதி வைத்திருந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது ஜெபம் ஏதும் சொல்லாமல், பைபிளைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்தவர் உபதேசியார்.