மோட்டார் ஹோம் வாங்கப் போகிறீர்களா? முதலில் இன்ஜினுக்குக் கை எட்டுமா என்று பாருங்கள்!

படுக்கை, சமையலறை, பாத்ரூம் என ஒரு வீட்டையே சுமந்துகொண்டு ஓடும் வண்டிதான் மோட்டார் ஹோம். அமெரிக்காவில் பணி ஓய்வு பெற்ற தம்பதிகளில் சிலர், சொந்த வீட்டை விற்றுவிட்டு வருடம் முழுக்க இதிலேயே வாழ்கிறார்கள். அங்கே இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மூர் அப்பா, அம்மாக்களும் வாடகை மோட்டார் ஹோமில் ஒரு சுற்று போய் வருவது உண்டு.

வாடகை வண்டி என்றால் கவலை இல்லை. சொந்தமாக வாங்கினால்தான் சிக்கல். கார் ரிப்பேர் ஆனால், ஒர்க் ஷாப்பில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். மோட்டார் ஹோம் ரிப்பேர் ஆனால், வீடே ஒர்க் ஷாப்பில் நிற்கும்! குடும்பம் ஹோட்டல் தேட வேண்டும். இவ்வளவு உயரமான வண்டியை உள்ளே ஏற்ற இடமில்லை என்று கைவிரிக்கும் ஒர்க் ஷாப்களும் உண்டு. கூலியோ மணிக்கணக்கில். இன்ஜினைத் தொடுவதற்கு முன் எதையெல்லாம் கழற்ற வேண்டுமோ, அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் பில்.

அதனால், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் சோபாவையும் டி.வி-யையும் பார்ப்பதற்கு முன் இன்ஜினைத்தான் பார்க்கிறார்கள். எந்த வகை வண்டியில் கை எளிதாக எட்டும்?

கிளாஸ் சி: சீட்டுக்கு நடுவே ஒரு பெட்டி

முன்பாதி வேன், பின்பாதி வீடு. டிரைவர் தலைக்கு மேல் ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றில் பல, ஃபோர்டு ஈ-சீரிஸ் வேனின் மீது கட்டப்பட்டவை. பானெட்டைத் திறந்தால் இன்ஜினின் முன்பகுதிதான் தெரியும். மீதி, டேஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதை எட்ட, வண்டிக்குள் இரண்டு சீட்டுகளுக்கு நடுவே ஒரு மூடி உண்டு. பெயர் 'டாக் ஹவுஸ்', அதாவது நாய்க்கூண்டு! நம் பழைய அரசுப் பேருந்துகளில் டிரைவருக்குப் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருக்குமே, அந்த இன்ஜின் பெட்டியின் தம்பிதான் இது. மூடியைக் கழற்றிவிட்டால், மழையில் நனையாமல் உள்ளே உட்கார்ந்தே வேலை பார்க்கலாம்.

பழைய ஈ-சீரிஸில் வரும் 6.8 லிட்டர் வி10 இன்ஜினுக்கு 10 ஸ்பார்க் பிளக், ஒவ்வொன்றுக்கும் தனி காயில். பின்வரிசை பிளக்குகளைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் மாட்ட வேண்டும். பின்னர் வந்த 7.3 லிட்டர் வி8-ல் எட்டு பிளக்தான்.

கிளாஸ் ஏ பெட்ரோல்: பஸ் முகம், அதே பெட்டி

பார்க்க பஸ் போல இருக்கும். முன்னால் உள்ள சின்னக் கதவைத் திறந்தால் ஆயில், கூலன்ட் பார்க்கலாம். மற்ற வேலைக்கு இங்கேயும் டாக் ஹவுஸ்தான். அதன் மேல் கார்பெட், கப் ஹோல்டர், டேபிள் என எதை எதைப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அவ்வளவையும் ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும்.

டீசல் புஷர்: கட்டிலுக்கு அடியில் இன்ஜின்

பெரிய டீசல் வண்டிகளில் இன்ஜின் பின்னால். அதன் மேலே படுக்கையறை. மெத்தையைத் தூக்கி, அடியில் இருக்கும் மூடியைத் திறந்தால் இன்ஜின். இங்கே ரேடியேட்டர் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். அது பக்கவாட்டில் இருந்தால், பின்கதவைத் திறந்ததும் பெல்ட், பில்டர் எல்லாம் கண்முன் நிற்கும். பின்பக்கம் இருந்தால், ரேடியேட்டரே சுவராக மறைக்கும். போதாததற்கு, இன்ஜினிலிருந்து கசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சாலைப் புழுதியும் ரேடியேட்டரின் உள்பக்கத்தில் அப்பிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். மலை ஏறும்போதுதான் சூடு காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு விஷயம். சில வண்டிகளில், படுக்கையறையின் ஸ்லைடு-அவுட்டை வெளியே தள்ளினால்தான் இன்ஜின் மூடியைத் திறக்க முடியும். நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும்போது அது நடக்குமா? பெரிய டீசல் இன்ஜினுக்கு ஆயில் மட்டுமே 20 லிட்டரைத் தாண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கிளாஸ் பி: அழகான வேன், நெருக்கமான இன்ஜின்

மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டர், ராம் புரோமாஸ்டர் போன்ற வேன்கள். ஓட்டவும் நிறுத்தவும் எளிது. ஆனால், பானெட் குட்டை. புரோமாஸ்டரின் 3.6 லிட்டர் வி6-ல் ஸ்பார்க் பிளக் மாற்றவே இன்டேக் மேனிஃபோல்டின் மேல்பகுதியைக் கழற்ற வேண்டும்.

சூப்பர் சி: கைக்கு எட்டும் ராஜா

லாரியின் சேஸியில் கட்டிய வீடு. ஃப்ரைட்லைனர் எம்2 போன்றவற்றில் பானெட் மொத்தமும் முன்பக்கமாகக் கவிழும். டயருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இன்ஜினை எட்டலாம். லாரி மெக்கானிக் யாருக்கும் பழக்கமான அமைப்பு. குறை ஒன்றுதான், விலை!

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

* விற்பவர் முன்னாலேயே எல்லா மூடிகளையும் திறக்கச் சொல்லுங்கள். "அப்புறம் காட்டுறேன்" என்றால் உஷார்.
* ஆயில் பில்டர், ஏர் பில்டர், பெல்ட், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் ஐந்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். எதை எட்ட முடியவில்லையோ, அது ஒர்க் ஷாப் செலவு.
* ஜெனரேட்டர் வெளியே இழுக்கும் தட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.
* டாக் ஹவுஸ் மூடியின் ரப்பர் சீலைச் சோதியுங்கள். அது கிழிந்திருந்தால், புகையோடு கார்பன் மோனாக்சைடும் வீட்டுக்குள் வரலாம். நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயு அது. அலாரம் வேலை செய்கிறதா என்பதையும் பாருங்கள்.

உயிர் முக்கியம்!

வண்டியைச் சமமாக நிறுத்த உதவும் லெவலிங் ஜாக்குகளை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஏர் சஸ்பென்ஷன் வண்டிகளில் காற்று இறங்கினால், பல டன் எடை அப்படியே கீழே வரும். எடைக்கேற்ற ஸ்டாண்டுகளைக் கொடுத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். பிரேக், காஸ் லைன் வேலைகளை அனுபவசாலிகளிடம் விடுவதே நல்லது.

இவ்வளவும் தலைவலி என்று நினைப்பவர்களுக்கு, பிக்-அப் டிரக் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீடு இருக்கிறது. டிரக் ஒர்க் ஷாப்புக்குப் போனாலும், வீடு முகாமிலேயே நிற்கும். அன்று இரவு குழந்தைகள் தங்கள் படுக்கையிலேயே தூங்கலாம்!