மூணாவது கன்ட்ரோலர்

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருக்கும் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெட்ரோல் காசு மிச்சமாவதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவார். அப்புறம் கன்ட்ரோலர் போன கதை வரும். ஒரு தடவை போனால் அது கதையே இல்லை. மாற்றி, மறுபடியும் போய், மறுபடியும் மாற்றி, மூணாவதும் போகும்போது "இந்த வண்டியே ராசியில்லை" என்று முடிப்பார்.

ராசிக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமில்லை மக்களே. ஒரே பாகம் திரும்பத் திரும்பச் சாகிறது என்றால், பெரும்பாலும் தப்பு அந்தப் பாகத்தில் இல்லை. அதைக் கொல்வது வேறு ஏதோ ஒன்று. அந்த ஒன்றைத் தேடாமல் புதுப் பாகத்தை மாட்டுவதற்கு ரிப்பேர் என்று பெயர் வைத்ததுதான் பிரச்சினை.

கன்ட்ரோலரையே எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் வண்டிகளில் அதற்குப் போகும் ஒயர்கள் எல்லாம் அச்சின் துளை வழியாகத்தான் உள்ளே போகும். மூன்று தடித்த ஒயர்கள் மோட்டாருக்கான மின்சாரம். கூடவே ஹால் சென்சாருக்கான மெல்லிய ஒயர்கள், அவற்றில் ஓடுவது வெறும் 5 வோல்ட். தடித்ததில் இருப்பதோ 48 அல்லது 60 வோல்ட். இப்போது பஞ்சர் ஆகிறது. கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றும்போது ஒயரை இழுக்கிறார், மாட்டும்போது நட்டுக்கு அடியில் லேசாக நசுங்குகிறது. அன்றைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு வாரம் கழித்து ஒரு ஸ்பீடு பிரேக்கரில் உறை கிழிந்து 48 வோல்ட் அந்த 5 வோல்ட் ஒயரைத் தொடும். கன்ட்ரோலர் அந்த நிமிடமே காலி. புதுசு மாட்டுகிறார்கள், ஓடுகிறது, அடுத்த பள்ளத்தில் அதுவும் காலி. பஞ்சர் கடைக்கும் கன்ட்ரோலருக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. "கடைசியா சக்கரத்தைக் கழட்டினது எப்போ?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இரண்டு கன்ட்ரோலர் மிச்சம்.

அடுத்தது கனெக்டர். இது ரொம்ப அமைதியான வில்லன். தளர்ந்தோ, துருப்பிடித்தோ போன ஒரு இணைப்பில் 0.05 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சின்ன மல்ட்டிமீட்டரில் அது சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் மேம்பாலம் ஏறும்போது 30 ஆம்பியர் இழுத்தால், ஆம்பியரின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க, அந்த ஒரு இடத்தில் 45 வாட் வெப்பம். ரேடியோ ரிப்பேர் செய்யும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் இருக்கும்! பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்? உருகிய கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றுவது வழக்கமான வைத்தியம். முறுக்கின இடம் முன்பைவிட மோசமான இணைப்பு என்பதால், அது மறுபடி சுடும்.

லைட் எரியும், மீட்டர் எரியும், ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் மட்டும் வண்டி நகராது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பிரேக் லீவருக்குள் இருக்கும் குட்டி சுவிட்ச். அதில் தண்ணீர் போனால், பிரேக் பிடித்திருப்பதாக நினைத்துக் கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவிடும். (ஆயுத பூஜைக்கு பிரஷர் பம்ப் வைத்துக் கழுவிய மறுநாள் வரும் புகார்களில் இதுவும் ஒன்று.) பெரும்பாலான எளிய வண்டிகளில் அந்த சுவிட்சின் கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். சோதனைக்கு மட்டும்தான் பிடுங்க வேண்டும், அப்படியே ஓட்டக் கூடாது.

லெட் ஆசிட் பேட்டரி வண்டிகளில் இன்னொரு கூத்து. நான்கு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இருக்கும். நிற்கும்போது நான்கும் 12.6 காட்டும், "பேட்டரி சூப்பர்" என்று சான்றிதழ் கொடுத்து அனுப்புவார்கள். பாரம் ஏறும்போது அதில் ஒன்று மட்டும் 7, 6 என்று சரிந்தால் மொத்த வண்டியும் படுத்துவிடும். நிறுத்தி வைத்து அளந்தால் இது ஜென்மத்துக்கும் தெரியாது. மோட்டார் இழுக்கும்போது ஒவ்வொன்றாக அளக்க வேண்டும்.

இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பிறகு ஏன் யாரும் செய்வதில்லை? காசு வரும் வழி அப்படி. வாரண்டி இருக்கும்போது நிறுவனத்துக்குப் பாகத்தை மாற்றுவதுதான் மலிவு, ஒரு ஆள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒயரைத் தடவுவது செலவு. வாரண்டி முடிந்த பிறகு தெருமுனை மெக்கானிக்குக்கும் அதே கணக்கு. 2000 ரூபாய் கன்ட்ரோலரை மாட்டினால் பில் போடலாம். "ஒன்றரை மணி நேரம் தேடி ஒரு ஒயரை ஒட்டினேன், 300 குடுங்க" என்றால் எத்தனை பேர் கொடுப்போம்? "ஒரு ஒயருக்கு முந்நூறா?" என்று சண்டைதான் வரும். மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அவர் கையில் ஒயரிங் படமும் இல்லை, எரர் கோடின் அர்த்தமும் இல்லை. 2022 டிசம்பர் 24 அன்று மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை' இணையதளம் என்று ஒன்றை ஆரம்பித்தது. நல்ல விஷயம். ஆனால் தெருமுனைக் கடைக்காரருக்கு ஒரு வண்டியின் ஒயரிங் படத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தாதவரை அது பாதிக் கிணறு.

இதில் பணம் போவதுகூடப் பெரிதில்லை. அடிக்கடி ஃபியூஸ் போகும் வண்டியில் கடைசியாக என்ன நடக்கும்? வீட்டு ஃபியூஸ் கட்டையில் கம்பி சுற்றிப் பழகிய கை, இங்கேயும் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றும். இல்லையென்றால் சீட்டுக்கு அடியில் இருக்கும் எம்.சி.பி.யை எடுத்துவிட்டு அதைவிடப் பெரியது மாட்டுவார்கள். அப்புறம் ஃபியூஸ் போகவே போகாது. "சரியாயிடுச்சு" என்று சொல்லிவிடுவார்கள். ஃபியூஸ் போவதற்குப் பதிலாக இனி ஒயர் எரியும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வண்டி ராத்திரி சார்ஜில் நிற்பது எங்கே? ஹாலில், மாடிப்படிக்குக் கீழே, மக்கள் தூங்கும் அறைக்குப் பக்கத்தில். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜ் போட்ட ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அதற்கும் ஃபியூஸுக்கும் முடிச்சுப் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. வீட்டுக்குள் புகை வந்தால் எவ்வளவு சீக்கிரம் எல்லாம் முடிந்துவிடும் என்பதற்காகத்தான். அந்த வருடக் கோடையில் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு பேட்டரிக்கான விதிமுறைகள் 2022 டிசம்பரிலிருந்து கடுமையாக்கப்பட்டன. ஆனால் அந்தச் சோதனையெல்லாம் தொழிற்சாலையோடு சரி. தெருவில் சுற்றிய செம்புக் கம்பியை எந்த விதியும் வந்து பார்க்காது.

வண்டிக்காரர் கையில் இருக்கும் வேலை ஒன்று உண்டு, அதற்கு மல்ட்டிமீட்டர்கூட வேண்டாம். ஒரு பழைய நோட்டு போதும். எப்போது நின்றது, மழையா வெயிலா, ஏற்றமா சமதளமா, சார்ஜ் எவ்வளவு இருந்தது, அதற்கு முன்னால் வண்டியில் யார் கை வைத்தார்கள். நாலு வரி. நாலு தடவை எழுதினால், நான்கும் மழை நாளாகவோ, நான்கும் அதே மேம்பாலமாகவோ இருப்பது கண்ணில் படும். தேடுகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது. சர்வீஸுக்கு விடும் ஒவ்வொரு தடவையும் தேதி போட்ட ஜாப் கார்டு வாங்கி வையுங்கள், மாற்றிய பழைய பாகத்தையும் கேளுங்கள். வாரண்டிக்காக அதை அவர்கள் வைத்துக்கொள்வதாக இருந்தால் ஒரு போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பழுது மூன்று ஜாப் கார்டில் இருந்தால் 1915க்குப் போன் செய்யும்போது பேச்சே வேறு மாதிரி இருக்கும். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அப்புறம், அந்த 300 ரூபாய். கேட்டால் கொடுத்துவிடுங்கள்.