பழிச்சொல் அகன்றால் பிணி குறையும்

1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் எச்.ஐ.வி. இந்தியாவில் இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தனர். ஆப்பிரிக்கச் சிம்பன்சிகளிடமிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதரைப் பற்றிய கிருமியின் வழித்தோன்றலே இது. 'அயலார் நோய்' என்னும் எண்ணம் அன்றே பொய்த்தது.

பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பலர் பயன்படுத்திய ஊசி, தாயிடமிருந்து சேய் ஆகியனவே இது பரவும் வழிகள். வீராம்பட்டினம் போன்ற நம் மீனவர் ஊர்களில் ஒரே படகில் தொழில் செய்வோர் ஒரே சட்டிச் சோற்றை உண்பர். அதனால் எவரையும் இது தொற்றாது.

ஒழுக்கமே காப்பு என்பர் பெரியோர். நாம் அதை மறுக்கவில்லை. ஆயினும், கணவனிடமிருந்து தொற்றுப் பெற்ற மனைவி செய்த பிழை யாது? பிறந்த குழந்தை செய்த குற்றம் யாது? பழிக்கு அஞ்சுவோர் பரிசோதனைக்கு வாரார்; தம் நிலை அறியாமலே பிறருக்குப் பரப்புவர்.

2004 முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாக வழங்குகிறது. அதனைத் தவறாது உண்டு, கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்த நிலையில் இருப்போரிடமிருந்து உடலுறவால் தொற்றுப் பரவுவதில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களை வேற்றுமைப்படுத்துவதைத் தடை செய்கிறது. எனினும் அண்டை வீட்டார் முகத்தைச் சட்டம் மாற்றாது. ஆணுறை குறித்து வகுப்பறையில் கூச்சமின்றிப் பேச ஆசிரியரும், பரிசோதனைக்குச் செல்வோரைப் பழிக்காதிருக்க ஊர்ப் பெரியோரும் முன்வருதல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.